மேட்டு வயலில் ஒரு காடு

உயர்தர வகுப்பில் தாவர வழிமுறை வளர்ச்சியைப் படித்தபோது, தம்பலகாமத்தில் இருக்கும் எங்கள் மேட்டு வயல்தான் எனக்கு ஞாபகம் வந்தது. ஓரிடத்தில் வளரும் தாவரக் கூட்டம் அங்குள்ள மண்ணையும் வெளிச்சத்தையும் மாற்றி, அடுத்து வரும் வேறொரு கூட்டத்துக்கு இடம் விட்டுப் போவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

1990 இல் மூத்தாப்பா குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாய்ந்த அந்த வயலை அதன்பிறகு யாரும் உழவில்லை. 2002 இல் போர்நிறுத்தம் வந்ததும் ஒருநாள் போய்ப் பார்த்தாராம். நெற்சப்பியும் கோரையும் ஓரங்களில் மட்டும் மிஞ்சியிருந்தன. நடுவில் ஆவரசு, நாயுண்ணி, சூரை முள். கால் வைக்க இடமில்லை. போர் முடிந்து குடியேறியபோது இலந்தையும் விளாவும் வேம்பும் ஆள் உயரத்தைத் தாண்டி நின்றன.

முன்னோடியான புல்லுக்கு நல்ல வெயில் வேண்டும். பற்றை அடர்ந்தால் அது ஒடுங்கிவிடும். பற்றையில் வந்து அமரும் குருவிகளின் எச்சத்தோடு பழ விதைகள் விழும். சருகு மக்கி, நிழலில் ஈரம் தங்கினால் மரக்கன்று பிழைக்கும். எங்கள் உலர் வலயக் காட்டின் பாலையும் வீரையும் கடைசியில்தான் வரும். பாலை வளர்வதோ மிக மெதுவாக.

1883 இல் இந்தோனேசியாவின் கிரக்கட்டோவா எரிமலை வெடித்து ஒன்பது மாதங்களின் பின் அங்கே போனவர்கள் கண்ட உயிர் ஒரு சின்னச் சிலந்தி மட்டுமே. அங்கு எல்லாம் வெறும் சாம்பலில் தொடங்கியது. எங்கள் வயலிலோ மண்ணும் வேரும் விதையும் மிச்சமிருந்தன. இதை இரண்டாம்நிலை வளர்ச்சி என்பார்கள், வேகமும் அதனால்தான்.

காணி பார்க்க வந்த ஒருவர் "இது காடுதானே" என்று சொல்லிப் போனதிலிருந்து மூத்தாப்பாவுக்குச் சரியான தூக்கமில்லை. காணி உறுதி இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. சென்ற விடுமுறையில் அவரோடு போய் மரங்களை எண்ணினேன். வேம்பும் விளாவும் தொடையளவு பருத்திருந்தன. பாலையில் முழங்கால் உயரக் கன்றுகள் பதினொன்று. முதிர்ந்த பாலை ஒன்றே ஒன்று, அதுவும் எல்லையில். சருகை விலக்கினால் பழைய வரம்பு நேராக ஓடுகிறது. பழங்காடு இப்படி இராது. எல்லாவற்றையும் படமாக வரைந்து கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"வயலைத் துப்புரவாக்கினா அந்தப் பாலைக் கன்றெல்லாம் என்னாகும் மூத்தாப்பா?" என்று கேட்டேன்.

"வரம்போரம் நிக்கிறது நிக்கட்டும் மகள்" என்றார்.