ஆண்மைக் குறைவு: உடல் அனுப்பும் முதல் நோட்டீசு



'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்' என்னும் பழமொழியை நம் கடைக் காலண்டர்களில் ஆண்டுதோறும் அச்சிட்டு வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிறோம். நாம் அதைப் படிக்கிறோமா என்பதுதான் கேள்வி. வீட்டிலும் பேச முடியாமல், நண்பரிடமும் சொல்ல முடியாமல் பலர் மனத்துக்குள் வைத்துப் புழுங்கும் ஒரு குறையைப் பற்றி இந்த இதழில் வெளிப்படையாகப் பார்ப்போம். ஆண்குறி விறைப்புக் குறைவு, அதாவது ஆண்மைக் குறைவு என்று சொல்லப்படுவதே அது.

கீழமாசி வீதியிலும் கீழமாரட் வீதியிலும் கடை வைத்திருக்கும் நம் ஒரு நாள் எப்படிக் கழிகிறது? காலையில் கல்லாவில் அமர்ந்தால் இரவு பத்து மணிக்குத்தான் எழுந்திருக்கிறோம். மூட்டை தூக்குபவர் நடக்கிறார், சரக்கு எடுத்துக் கொடுப்பவர் நடக்கிறார், முதலாளி மட்டும் நடப்பதில்லை. வெளியூர் வியாபாரிக்குக் காபி சொல்லும்போதெல்லாம் நமக்கும் ஒன்று. கணக்கு முடித்துப் பதினோரு மணிக்குப் புரோட்டாவும் சால்னாவும், உண்டவுடன் படுக்கை. இந்தப் பழக்கங்களுக்கும் நாம் பேசவந்த குறைக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

பெயர் சொல்ல வேண்டாம் என்ற நிபந்தனையுடன் நம் நண்பர் ஒருவர் கூறியது இது. பருப்பு மொத்த வியாபாரம், வயது 46. குறை தென்பட்டதும் வெட்கப்பட்டு மருத்துவரிடம் போகவில்லை. சுவர் விளம்பரத்தைப் பார்த்து, விடுதி அறையில் முகாமிட்ட ஒருவரிடம் லேகியம் வாங்கி எட்டு மாதம் சாப்பிட்டார். பணம் ஆயிரக்கணக்கில் போனது. பிறகு காலில் ஏற்பட்ட புண் ஆறவில்லை என்று மருத்துவமனைக்குப் போனபோதுதான் சர்க்கரை நோய் முற்றியிருப்பது தெரிந்தது. "அந்தக் குறை வந்த அன்றே ஒரு ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் இந்தப் புண் வரை வந்திருக்காது" என்றாராம் டாக்டர். லேகியத்துக்குப் போன பணத்தைவிட, இழந்த அந்த எட்டு மாதமே பெரிய நட்டம்.

விறைப்பு என்பது ரத்த ஓட்டத்தால் நிகழ்வது. குழாய்கள் விரிந்து ரத்தம் உள்ளே பாய்ந்து தங்கவேண்டும். குழாயின் உட்சுவர் உண்டாக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்னும் பொருளே அதை விரியச் செய்கிறது. ரத்தக் குழாய்களில் அதன் வேலையைக் கண்டறிந்ததற்காக 1998ஆம் ஆண்டு மூன்று விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. புகை, சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகிய நான்கும் இந்த உட்சுவரைக் கெடுக்கின்றன.

ஆணுறுப்பின் ரத்தக் குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலமே உள்ளது. இதயத்தின் குழாய் 3 முதல் 4 மில்லிமீட்டர். ஆகவே அடைப்பு முதலில் சிறிய குழாயில் தெரிகிறது. பலருக்கு இக்குறை தோன்றி இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளில் இதய நோய் தென்படுகிறது. ஒரு கடை நொடிக்கும் முன்பு சிறிய தொகைக்கான காசோலைதான் முதலில் திரும்பும். அதைக் கண்டும் காணாமல் இருக்கும் வியாபாரி உண்டா?

சர்க்கரை உள்ள ஆண்களுக்கு இக்குறை மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு கூறுகிறது. அதில் நம் தமிழ்நாட்டின் பங்கு சிறிதன்று.

இனி, நாம் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. நடை. வாரம் நான்கு நாள், நாளுக்கு நாற்பது நிமிடம், ஆறு மாதம் விடாமல் உடற்பயிற்சி செய்தால் இக்குறை தணிகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வண்டியூர் தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோமீட்டர். மூன்று சுற்றுப் போதும். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து அன்பர்களுக்குக் கண்மாய்க் கரை இருக்கிறது.

2. இடுப்பளவு. நம்மவர்க்கு 90 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. இத்தாலியில் உடல் பருத்த 110 ஆண்களிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், உணவைத் திருத்தி உடற்பயிற்சி செய்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு, மாத்திரையின்றி இரண்டு ஆண்டுகளில் குறை நீங்கியது.

3. இரவு உணவு. கடையிலேயே எட்டு மணிக்கு வீட்டுச் சாப்பாட்டை முடித்துவிடலாம். காய்கறி, கீரை, பயறு, மீன் கூடட்டும். புரோட்டாவும் ஜிகர்தண்டாவும் என்றைக்கோ ஒரு நாள் என்றிருக்கட்டும்.

4. புகையிலை. பீடி, சிகரெட், வெற்றிலையுடன் போடும் புகையிலை எதுவானாலும் விட்டுவிட வேண்டும். மதுவும் அப்படியே. தைரியம் தருவதாகத் தோன்றும், நரம்பைத் தளர்த்தும்.

5. உறக்கம். ஆண்மைச் சுரப்பு பெரிதும் உறக்கத்தில்தான் ஊறுகிறது. ஒரு வாரம் ஐந்து மணி நேரமே உறங்கிய இளைஞர்களுக்கு அது 10 முதல் 15 சதவீதம் குறைந்ததாக 2011இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. கடன் வசூல் கவலையைப் படுக்கைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

6. பரிசோதனை. நாற்பது வயதானவர்கள் ஆண்டுக்கொரு முறை சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் இவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாக் குறையும் குழாயால் வருவதில்லை. விடியற்காலையில் விறைப்பு இயல்பாக இருந்து, மற்ற வேளையில் மட்டும் இல்லையென்றால் மனக்கவலை காரணமாக இருக்கலாம். சில ரத்த அழுத்த மாத்திரைகளாலும் வரலாம். அவற்றை நாமாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஆண்மைக் குறைவைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திரச் சிகிச்சைகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் தடை செய்கிறது. மூலிகை என்று விற்கப்படும் சிலவற்றில் சில்டெனாஃபில் என்னும் ஆங்கில மருந்தை ரகசியமாகக் கலப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. நெஞ்சுவலிக்காக நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற மாத்திரையுடன் அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் அடியோடு இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே இவ்வகைச் சரக்கை நாம் வாங்கவும் வேண்டாம், நம் கடையில் விற்கவும் வேண்டாம்.

நம் நண்பர் இன்று அதிகாலையில் தெப்பக்குளத்தில் நடக்கிறார். காலைப் புண் ஆறிவிட்டது. சர்க்கரை கட்டுக்குள் வந்துள்ளது. குறையும் ஓரளவு சீராகியிருக்கிறது, முழுவதும் அல்ல. "முதலில் என் மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்ன பிறகுதான் டாக்டரிடம் போகத் தைரியம் வந்தது" என்கிறார்.

வரவு செலவைத் தினமும் பார்க்கும் நாம், உடம்பின் கணக்கையும் ஆண்டுக்கொரு முறையாவது பார்ப்போம். நோட்டீசு வந்தால் மறைக்காமல் பிரித்துப் படிப்போம்.