பொம்மை ரயிலும் வீட்டு மின்சாரமும்

அகலப்பாதைப் பணிக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்ட மதுரை–போடிநாயக்கனூர் ரயில், 2022 மே மாதம் தேனி வரையிலும், 2023 ஜூன் மாதம் போடி வரையிலும் மீண்டும் ஓடத் தொடங்கியது. ரயிலைக் கண்டு மகிழும் குழந்தைகள் வீட்டிலும் தண்டவாளம் பூட்டிப் பொம்மை ரயில் ஓட்ட விரும்புவர். அந்த விளையாட்டைத் தடுக்க வேண்டியதில்லை. ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருந்தால் போதும்.

சுவரிலுள்ள பிளக்கில் வருவது 230 வோல்ட் மின்சாரம். அடாப்டர் அதனைக் குறைத்தே தண்டவாளத்திற்கு அனுப்புகிறது. மின்பொம்மைகளுக்கு 24 வோல்ட்டே உச்ச வரம்பு. ஆகவே நல்ல நிலையிலுள்ள பொம்மையின் தண்டவாளத்தைவிட, சுவருக்கும் அடாப்டருக்கும் இடைப்பட்ட பகுதியே அஞ்சத்தக்கது. அடாப்டர் உடைந்தாலோ, உள்ளே காப்பு உருகினாலோ, 230 வோல்ட் தண்டவாளத்திற்கே வந்துவிடக்கூடும். ஈரமான தோல் மின்சாரத்தை எளிதில் உள்ளே விடும் என்பதால், மழைக்காலத்தில் இந்த ஆபத்து மேலும் கூடுகிறது.

எனவே பெற்றோரிடம் நாங்கள் வலியுறுத்துவன இவை. சிறு குழந்தைகளுக்குப் பேட்டரியில் ஓடும் ரயிலே போதும். அதன் பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அதனைப் பார்த்து வாங்குங்கள். பொம்மையுடன் வந்த அடாப்டரை மட்டுமே பயன்படுத்துங்கள். பிளக்கைப் பெரியவர்களே செருகி, விளையாட்டு முடிந்ததும் கழற்றிவிடுங்கள். டேப் சுற்றிய ஒயர் வேண்டாம். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள மின்கசிவுத் தடுப்புச் சாதனத்தைப் பொருத்துங்கள்.

குழந்தையை மின்சாரம் தாக்கினால் பதறித் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். இயலாவிட்டால், உலர்ந்த பலகைமீது நின்று, உலர்ந்த மரக்கட்டையால் ஒயரை விலக்குங்கள். மூச்சு இல்லையெனில் 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். மின்தொடர்பு நீங்கிய பின், தீக்காயத்தின் மீது 20 நிமிடம் குழாய்நீர் ஊற்றுங்கள். பற்பசையோ மையோ தடவ வேண்டாம்.

வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் காயத்தின் உள்ளே தசை பெரிதும் வெந்திருக்கலாம், இதயத்துடிப்பும் தடுமாறலாம். வீட்டு மின்சாரம் தாக்கிய குழந்தை நன்றாக விளையாடினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். மயக்கம், வலிப்பு, படபடப்பு, கருத்த சிறுநீர் இருந்தால் சிறிதும் தாமதம் கூடாது.

ஒயரைக் கடித்து உதட்டோரம் வெந்த குழந்தைக்கு, 5 முதல் 14 நாள்களுக்குள் பொருக்கு உதிரும்போது திடீரென இரத்தம் பீறிடலாம். அவ்வாறு நேர்ந்தால், சுத்தமான துணியால் உதட்டை உள்ளும் புறமும் விரல்களுக்கிடையே அழுத்திப் பிடித்தபடி உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். காயம் ஆறுவதாகத் தோன்றும் அந்த இரண்டு வாரங்களிலும் குழந்தையைத் தனியே உறங்கவிடாதீர்கள்.