வாயிற் காவல்

அன்புள்ள பேத்திக்கு,

தம்பிப் பாப்பாவின் நாக்கில் தயிர்த் துளிபோல் படிந்து, ஈரத்துணியால் துடைத்தும் விலகாத வெண்படலம் பாலேடு அன்று, பூஞ்சை என்றும், அதே பூஞ்சை ஆரோக்கியமான பலருடைய வாயிலும் வசிக்கிறது என்றும் வைத்தியர் சொன்னதைக் கேட்டு, "அப்படியானால் என்னை ஏன் அது உபத்திரவிக்கவில்லை?" என்று எழுதியிருந்தாய்.

பாட்டி அக்கரம் என்பாளே, அந்த நோயை உண்டாக்கும் பூஞ்சைக்கு காண்டிடா அல்பிகன்ஸ் என்று பெயர். அதற்கு இரண்டு ரூபங்கள். உருண்டையாக இருந்து அரும்பு விட்டுப் பெருகுவது ஒன்று. நூலிழையாக நீண்டு திசுவுக்குள் ஊடுருவுவது மற்றொன்று. கன்னத்தின் உட்புறத்தில் ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் உயிரணுக்கள் இவ்விரண்டையுமே ஸ்பரிசித்து அறிகின்றன. ஆயினும் உருண்டை வடிவில் சில வந்து தங்கும்போது, உள்ளே சிறு சலனம் ஒன்று தோன்றி அடங்கிவிடுகிறதேயன்றி, அபாய மணி அடிப்பதில்லை. அண்டி வந்தவை அனைத்தையும் பகையென்று எண்ணி ஓயாமல் போர் தொடுத்தால், அந்தப் போரில் வெந்து புண்ணாவது நம் வாயே அல்லவா?

அப்படியானால் பகை என்று எதைக்கொண்டு தீர்மானிக்கின்றன? நூலிழைகள் மிகுந்து உயிரணுவைத் துளைத்து நுழையும்போது, காண்டிடாலைசின் என்ற விஷத்தைச் சுரக்கின்றன. 31 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரம் அது. லண்டன் கிங்ஸ் கல்லூரியையும் ஜெர்மனியின் யேனா நகரத்தையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் உள்ளிட்ட குழுவினர் 2016இல் அதனை வெளிப்படுத்தினார்கள். அந்த விஷம் உயிரணுவின் சவ்வைக் குடைய, வெளியிலிருந்த கால்சியம் உள்ளே பாய, சவ்வின்மேல் உள்ள ஏற்பிகள் விழித்துக்கொள்ள, செய்தி உட்கருவரை சென்று, சைட்டோகைன் என்னும் தூதுப் புரதங்கள் வெளியே புறப்படுகின்றன. அவற்றின் அழைப்பை ஏற்று, இரத்தத்திலுள்ள நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் அவ்விடம் வந்து பூஞ்சையைத் தாக்குகின்றன. இதில் விசித்திரம் என்னவென்றால், அந்த விஷத்தைச் செய்ய இயலாதபடி மாற்றப்பட்ட பூஞ்சை, நூலிழையாக நீண்டு உட்புகுந்தாலும், உயிரணுக்களிடம் அந்தப் பெரிய கலவரம் எழுவதில்லை. ஆகவே அவை அஞ்சுவது வந்தவனின் உருவத்துக்கு அன்று, அவன் செய்த காயத்துக்கே; கொல்வதற்கென்று அவன் ஓங்கிய ஆயுதமே அவனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

உன் வாயில் இந்த அழைப்புக்குத் துணைவர உமிழ்நீரில் பூஞ்சையை ஒடுக்கும் புரதங்களும், இரத்தத்தில் நன்கு பழகிய வெள்ளணுக்களும் இருக்கின்றன. பாப்பாவின் சேனையோ இன்னும் பயிற்சி முற்றாதது. அதனால்தான் அவனுக்கு வந்தது, உனக்கு வரவில்லை. வெண்மை மறைந்த அன்றே சொட்டு மருந்தை நிறுத்திவிடாமல், வைத்தியர் குறித்த நாள்வரை கொடுக்கும்படி அம்மாவிடம் சொல். அவன் சேனை வளரும்வரை வெளித்துணை வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள தாத்தா