தனிப் பெட்டி வாங்குமுன் பின்பக்கத்துச் சுவிட்சைப் பாருங்கள்

ரெக்கார்ட் கேட்க ஆசைப்பட்டு என்னிடம் யோசனை கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: டர்ன்டேபிளின் பின்பக்கம் ‘ஃபோனோ’, ‘லைன்’ என்று ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஊசி தரும் சின்னச் சிக்னலைப் பெரிதாக்கும் ஃபோனோ ஸ்டேஜ் உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் ஃபோனோ ஸ்டேஜ் என்று ஒரு தனிப் பெட்டியை உங்கள் தலையில் கட்டப் பார்க்கும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். அந்தச் சுவிட்சைப் பற்றி ஒருவர் வாய் திறக்காததால் எங்கள் அப்பா சேர்த்த இசைத்தட்டுகளில் பாதி இன்று இல்லை.

அப்பா இறக்குவானைப் பக்கம் தோட்டத்து பெக்டரியில் வேலை செய்தார். திருவிழாக் காலத்தில் கோயில்களுக்கு லவுட் ஸ்பீக்கர் கட்டுவார். அவருடைய பழைய ப்ளேயரில் இருந்தது செராமிக் கார்ட்ரிட்ஜ். அதிலிருந்து சில நூறு மில்லிவோல்ட் வரும், நேரே அம்பிளிபயரில் கொடுத்தால் பாடும். ஃபோனோ ஸ்டேஜ் என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழுந்ததில்லை.

இப்போதைய கார்ட்ரிட்ஜ்கள் வேறு. என் மருமகன் கட்டாரிலிருந்து கொண்டுவந்த ஆடியோ-டெக்னிகா எல்பி120எக்ஸில் உள்ளது காந்த வகை. அது தருவது வெறும் 4 மில்லிவோல்ட். தட்டு வெட்டும்போதே பேஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டி வெட்டுகிறார்கள். 1954 முதல் இதற்கு ஆர்ஐஏஏ என்ற ஒரே அளவுமுறை. ஃபோனோ ஸ்டேஜின் வேலை அந்த 4 மில்லிவோல்ட்டைப் பல மடங்கு பெரிதாக்குவதும், குறைத்த பேஸைத் திரும்பக் கூட்டி, கூட்டிய ட்ரெபிளைக் குறைப்பதும்தான். இதை ஒரு தடவைதான் செய்ய வேண்டும்.

கொழும்புக் கடைக்காரர் மருமகனிடம், “உள்ளுக்கு இருக்கிறது சும்மா பேருக்குத்தான். தனிப் பெட்டி போட்டாத்தான் அண்ணன் சத்தமே வரும்” என்று சொல்லிப் பெட்டியை விற்றார். எந்த வயரை எங்கே குத்துவது என்று தாளில் படமும் போட்டுக் கொடுத்தார். படத்தில் எல்லாம் இருந்தது, சுவிட்ச் மட்டும் இல்லை. அது ‘லைன்’ பக்கமே இருந்தது.

முதலில் போட்டது சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம். இரண்டு குரலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கத்துவதுபோல் கேட்டது. டவுனில் ரேடியோ திருத்தும் பாஸிடம் கொண்டுபோனோம். அவர் உறைமேல் படர்ந்திருந்த வெள்ளைப் பூஞ்சணத்தைப் பார்த்தார். ஊசி போய்விட்டது என்றார். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறிய நேரத்தில் புது ஊசி வாங்கினோம். அப்படியும் அதே சத்தம். உடனே அவர், “ரெக்கார்டைப் பூஞ்சணம் தின்னிருச்சு, இனி ஒண்ணுக்கும் உதவாது” என்று தீர்ப்புச் சொன்னார்.

அந்தத் தீபாவளிக்கு வீடு ஒதுக்கும்போது, போத்தலும் பழைய பேப்பரும் எடுக்க வருகிறவரிடம் என் அண்ணன் தட்டுகளைப் பெட்டி பெட்டியாகத் தூக்கிக் கொடுத்துவிட்டார். டி.எம்.எஸ். பாடிய முருகன் பாட்டுகள், சீர்காழி, 45 சுற்று ஈபிகள். நான் பாடசாலை விட்டு வந்தபோது லொறி போய்விட்டது. அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். தெரிந்தவர் என்று நம்பிப் போனவர் சொன்னதைத்தான் அவர் செய்தார்.

அடுத்த இடிமழையில் தனிப் பெட்டியின் அடாப்டர் எரிந்தது. வேறு வழியில்லாமல் டர்ன்டேபிளை நேரே அம்பிளிபயரின் ஆக்ஸில் குத்தினேன். எஞ்சியிருந்த கவசம் அட்சர சுத்தமாகக் கேட்டது.

கணக்குப் போட்டால் எல்லாம் விளங்கும். உள்ளிருக்கும் ஸ்டேஜ் 4 மில்லிவோல்ட்டை ஏறத்தாழக் கால் வோல்ட் ஆக்குகிறது. வெளிப் பெட்டி அதை மறுபடி 100 மடங்காக்கப் பார்த்தால் 25 வோல்ட் வேண்டும். 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் பெட்டி 25க்கு எங்கே போகும்? அலையின் தலையை வெட்டிவிடும். பேஸும் இரண்டு தடவை கூடிவிடும். வொலியூமைக் குறைத்தாலும் கிழிசல் போகாது. ஏனென்றால் கிழிவது அம்பிளிபயருக்கு வருமுன்னரே.

தேய்ந்த தட்டு இப்படிக் கேட்காது. ‘ச’, ‘ஸ’ வரும் இடங்களில் சீறும், நடு லேபிளை நெருங்க நெருங்க மோசமாகும். பூஞ்சணம் என்றால் பட்பட்டென்று பொரியும், குரல் கெடாது. முதல் சுரத்திலிருந்தே, எல்லாத் தட்டிலும், புதுத் தட்டிலும்கூட ஒரே மாதிரி கிழிந்தால் அது வயர் அல்லது ஊசிக் கோளாறு, தட்டின் கோளாறில்லை. வேறொரு மெஷினில் போட்டுக் கேட்காமல் ஒரு தட்டையும் வெளியே கொடுக்காதீர்கள்.

எங்கள் பகுதி வீடுகளுக்கு டர்ன்டேபிளின் உள்ளேயே ஸ்டேஜ் இருப்பது நல்லது என்று நான் சொல்ல இன்னொரு காரணம் எர்த். லயங்களிலும் பழைய குவார்ட்டர்ஸ்களிலும் பல இடங்களில் அது ஒழுங்காக இல்லை. தனிப் பெட்டி வைத்தால் 4 மில்லிவோல்ட் வெளி வயரில் ஓடுகிறது. 50 ஹெர்ட்ஸ் கரண்டின் ‘ம்ம்ம்’ அதில்தான் ஏறும். டோன் ஆர்மைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால், டர்ன்டேபிளிலிருந்து பெட்டியின் ‘ஜிஎன்டி’ திருகாணிக்குப் போகும் மெல்லிய வயர் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். பெட்டிக்குப் போகும் வயர் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். அம்பிளிபயரின் ட்ரான்ஸ்போர்மர் பக்கத்தில் பெட்டியை வைக்காதீர்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கினால் எல்லா ப்ளக்கையும் கழற்றுங்கள். தனிப் பெட்டி என்றால் கழற்ற இன்னொன்று, எரிய இன்னொன்று.

தனிப் பெட்டி தேவைப்படுகிறவர்களும் உண்டு. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 போன்றவற்றில் உள்ளே ஒன்றும் கிடையாது. அரை மில்லிவோல்ட்டும் தராத மூவிங் கொயில் கார்ட்ரிட்ஜ் பூட்டினாலும் அதற்கேற்ற பெட்டி வேண்டும். சுவிட்ச் உள்ள டர்ன்டேபிளுக்கு வாங்கினால் அதை ‘ஃபோனோ’வுக்குத் தள்ளிவிட்டுப் பூட்டுங்கள்.

தட்டில் உண்மையிலேயே பூஞ்சணம் பிடித்திருந்தால், காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மெல்லிய துணியால் தட்டு சுற்றும் திசையிலேயே துடைத்தால் போகும். லேபிளில் தண்ணீர் படக்கூடாது. இது வைனில் தட்டுக்கு. அந்தப் பாஸ் என் கண்முன்னே அப்பாவின் 78 சுற்றுத் தட்டு ஒன்றை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் காட்டினார். 78 ஷெல்லாக்கால் ஆனது, ஸ்பிரிட்டில் கரையும். துணியெல்லாம் கறுப்பு. உங்கள் 78ஐ அப்படி யாரையும் தொட விடாதீர்கள்.