உறைபனிக்கு முன் வீட்டுத் தோட்டக் காய்கறி அறுவடை

நீலகிரியில் உதகமண்டலத்தைச் சூழ்ந்துள்ள 7,000 அடிக்கு மேற்பட்ட கிராமங்களில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் உறைபனி இறங்கத் தொடங்கும். பொதுவாக நவம்பர் மாதக் கடைசி முதல் பிப்ரவரி வரையில் இதனை எதிர்பார்க்கவேண்டும். வீட்டுத் தோட்டங்கள் காய்த்து நிற்கும் சமயமும் இதுவே. ஒரே இரவில் செடிகள் கருகிப்போனால், நஷ்டமாவது அன்றையக் காய் மட்டுமன்று. குடும்பத்தின் பல வாரக் கறியும் அடுத்த பருவத்து விதையும் அதனுடன் போய்விடும். ஆகவே எதனை முதலில் எடுப்பது, எதனை விட்டுவைப்பது என்பதைக் குடியானவர்கள் முன்னதாகவே தீர்மானித்துக்கொள்ளுதல் அவசியம்.

பனி இறங்கும் இடம்

குளிர்ந்த காற்று கனமுள்ளது. தண்ணீரைப்போல் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஓடையோரத்துத் தோட்டம் மண்வளமும் நீர்வசதியும் உள்ளதாயினும், பனிக்கு முதலில் இரையாவதும் அதுவே. பள்ளத்துச் செடிகள் கருகிய இரவில், சிறிது மேட்டிலுள்ளவை தப்பிவிடுதல் உண்டு. தோட்டத்தின் கீழ்ப்புறத்தில் அடர்ந்த வேலியிருப்பின் அது குளிர்காற்றை அணைபோல் தடுத்து நிறுத்தும். ஆங்காங்கே இடைவெளி விடவேண்டும்.

உடனே எடுக்கவேண்டியவை

பீன்ஸ், தக்காளி, பூசணி, சௌசௌ ஆகியவை பனியைச் சிறிதும் தாங்கா. பீன்ஸில் இளங்காய்களைப் பறித்துவிட்டு, விதைக்கு விட்ட முற்றிய காய்களைச் செடியோடு பிடுங்கி, இறவாணத்தின்கீழ்க் கட்டித் தொங்கவிடலாம். ஈரமுள்ள விதை பனியில் உறைந்தால் முளைக்கும் திறனை இழக்கும். தக்காளியில் முழுப் பருமனடைந்து வெளிறத் தொடங்கிய காய்கள் வீட்டினுள்ளே பழுக்கும்; கரும்பச்சையான சிறு காய்கள் பழுக்கமாட்டா, அவற்றைக் கூட்டுக்கோ ஊறுகாய்க்கோ உபயோகிக்கலாம். பூசணியைக் காம்புடன் அறுத்து, காயம்படாமல் சில நாள் வெயிலில் உலர்த்தி, இரவில் உள்ளே வைக்கவேண்டும்.

காத்திருக்கக்கூடியவை

முட்டைக்கோசு, காரட், நூல்கோல், டர்னிப் ஆகியவை இலேசான பனியைத் தாங்கும். குளிரில் காரட்டின் இனிப்பும் மிகும். பனியைக் கண்டு அஞ்சி இவற்றை ஒருங்கே பிடுங்குவது வீண் நஷ்டம், தேவைக்கேற்ப எடுத்துவரலாம். ஆனால் பட்டாணியின் பூவும் காயும், காலிபிளவரின் பூவும் பனியில் கெடும்.

உருளைக்கிழங்கின் தழை பனியில் கருகினும், நன்றாக மண் அணைக்கப்பட்ட கிழங்கு கெடுவதில்லை. தழை மாண்டபின் சுமார் இரண்டு வாரம் மண்ணிலேயே விட்டால் தோல் இறுகும். தோண்டிய கிழங்கை மட்டும் ஓரிரவும் வெளியில் விடலாகாது. வெளிச்சம் புகாத இடத்தில் உலர்ந்த நிலையில் சேமிக்கவேண்டும். வெளிச்சம் பட்டுப் பச்சை நிறம் பிடித்த கிழங்கு உணவுக்கு ஆகாது.

பனி வரும் மாலை

மேகமின்றி, காற்றும் அடங்கி, பொழுது சாயும்போதே குளிர் உறைக்குமாயின் அன்றிரவு பனியை எதிர்பார்க்கலாம். ஆள் உயரத்தில் தொங்கும் வெப்பமானி 3 அல்லது 4 டிகிரி சென்டிகிரேட் காட்டினும், தரைமட்டத்து இலைகளில் பனி உறையக்கூடும். அன்று நண்பகலுக்குள் நீர் பாய்ச்சினால், ஈரமண் பகல் வெப்பத்தை ஏற்று இரவில் மெல்ல வெளிவிடும். அறுவடை செய்யாத செடிகளைச் சூரியன் மறையுமுன் சாக்கினாலோ வைக்கோலினாலோ மூடி, காலையில் வெயில் ஏறியதும் நீக்கவேண்டும். மூடுபொருள் இலையைத் தொடாதிருக்கக் குச்சிகளை நடுவது நலம். வெறும் புகை மூட்டுவதனால் பலன் சொற்பமே. பனி உறைந்த கோசைக் காலையில் உடனே அறுத்தலாகாது. உறைவு நீங்கியபின் அறுத்தால் இலைகள் கெடா.

கிராம அதிகாரிகள் தத்தம் கிராமத்தில் பனி தேங்கும் பள்ளங்களைக் குறித்துவைத்து, இத்தகைய மாலைகளில் அங்குள்ள குடும்பங்களுக்கு முன்னதாக அறிவிப்பார்களாயின் பெரிதும் உதவியாகும். பனியைத் தடுக்க மனிதனால் இயலாது. ஆயினும் ஒரு மாலை நேர உழைப்பினால் ஒரு பருவத்து உணவையும் விதையையும் காத்துக்கொள்ள முடியும்.