ஒரே அரிசியில் பொங்கலும் பாற்சோறும்

நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். சிங்களக் கிராமங்கள் தேயிலை மலைக்கு அடுத்தாற்போலவே இருக்கின்றன. ஹட்டன் கடைவீதியில் முஸ்லிம்களின் கடைகளும் இருக்கின்றன. ஆனால் பாடசாலை மொழிவாரியாகப் பிரிந்திருப்பதால், பக்கத்துக் கிராமத்துப் பிள்ளையோடு ஒரு வார்த்தைகூடப் பேசாமலே நம் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். "எல்லோரும் சமம்" என்று கரும்பலகையில் எழுதி இதை மாற்ற முடியாது. சேர்ந்து சமைக்கவும் சேர்ந்து செய்யவும் வைத்தால் மாற்றலாம். பாலர் பாடசாலை, அறநெறி வகுப்பு ஆசிரியைகளும் பெற்றோரும் செய்து பார்க்கக்கூடிய முறை இது.

முதல் நாள் ரொட்டியில் தொடங்குங்கள். லயத்து ரொட்டியைச் சாப்பாட்டுப் பெட்டியில் மறைத்து வைக்கும் பிள்ளைகள் உண்டு. அந்த வெட்கம் முதலில் போகட்டும். இரண்டு கப் கோதுமை மா, ஒரு கப் துருவிய தேங்காய், உப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். பிசைந்து, ஆளுக்கொரு உருண்டை கொடுத்துக் கையாலேயே தட்டச் சொல்லுங்கள்; கல்லில் போடுவது பெரியவர்கள் வேலை. சிங்கள வீட்டிலும் இதே ரொட்டி உண்டு, பெயர் பொல் ரொட்டி. தொட்டுக்கொள்ள லுணு மிரிஸ் என்று அப்போது சொல்லுங்கள். நம் கட்டச்சம்பலையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசி பார்க்கட்டும்.

அடுத்தது அரிசி. இதற்குக் கிராமத்திலிருந்து ஒரு சிங்களத் தாயை அழைத்தே ஆகவேண்டும். அவர்கள் சமையலை நாமே செய்து காட்டினால் பிள்ளைக்குப் பண்டம்தான் தெரியும், ஆள் தெரியாது. ஒரே பையிலிருந்து பச்சரிசியை இரண்டாகப் பங்கிடுங்கள். ஒரு பங்கு பால், பயறு, சர்க்கரையோடு பொங்கலாகட்டும். மற்றதைக் குழைய வேகவைத்து, ஒரு கப் அரிசிக்கு ஒரு கப் கெட்டித் தேங்காய்ப்பால், உப்பு சேர்த்துக் கிளறித் தட்டில் பரப்பி, வாழையிலையால் அழுத்தி, சாய்சதுரமாக வெட்டினால் பாற்சோறு. வெட்டும் வேலையை அந்தத் தாய் பிள்ளைகளுக்குக் காட்டட்டும்.

யார் எதைச் சாப்பிடமாட்டார்கள் என்பதைச் சமைக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். உதாரணமாக, வட்டிலப்பத்தில் முட்டை இருக்கிறது. விரதத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஆகாது. நோன்பு நாளில் முஸ்லிம் பிள்ளையின் வீட்டாரிடம் முன்கூட்டியே கேளுங்கள். "சீ" என்ற சொல் அங்கே கேட்கக்கூடாது. "எனக்கு வேண்டாம்" போதும். லயத்துக்குள்ளேயே யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பார்கள் என்ற கணக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும். சாதியை மறைத்துவிட்டு இனத்தை மட்டும் பேசுவது பாதி வேலைதான். ஆகவே எல்லோருக்கும் ஒரே வகைக் குவளை. ஆசிரியையும் அதிலேயே குடிக்கவேண்டும்.

கைவேலைக்கு வெசாக் கூடு, அதிலும் அட்டபட்டம். ஓரடி நீளத்தில் ஒரே அளவான 24 மூங்கில் குச்சிகள் வேண்டும். நான்கு நான்காகக் கட்டினால் ஆறு சதுரம். நான்கு சதுரங்களை முனையில் நிறுத்தி, பக்க மூலைகளைச் சேர்த்து வட்டமாகக் கட்டுங்கள். மேல் முனைகளில் ஒரு சதுரம், கீழ் முனைகளில் ஒரு சதுரம் கட்டியதும் இடையில் எட்டு முக்கோணங்கள் தாமாகவே வந்துவிடும். மேற்சதுரத்தைத் திறந்தபடி விட்டு, மற்ற முகங்களுக்கு மாப்பசையால் மெல்லிய வண்ணத்தாள் ஒட்டுங்கள். ஒரு பிள்ளை பிடிக்க, மற்றது நூல் சுற்றவேண்டும். தனியாளாகச் செய்ய முடியாத வேலை என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். உள்ளே மெழுகுவர்த்தி வேண்டாம், சிறு மின்விளக்குப் போதும். மிஞ்சிய மூங்கிலில் நத்தாருக்கு நட்சத்திரக்கூடு செய்யலாம்.

பசை காயும் நேரத்தில் சிவனொளிபாதமலையைப் பற்றிப் பேசுங்கள். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை நல்லதண்ணி வழியாகப் போகும் கூட்டத்தைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். உச்சியிலுள்ள பாதத்தைப் பௌத்தர் புத்தருடையது என்கிறார்கள், சைவர் சிவனுடையது என்கிறார்கள், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஆதாமை நினைக்கிறார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்; பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும்.

வெசாக் பெரும்பாலும் மே மாதத்தில் வரும். மூங்கிலை இரண்டு வாரம் முன்பே சீவிக் காயவையுங்கள். அந்தச் சிங்களத் தாய்க்குக் கடிதம் அனுப்பாமல், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே போய் அழையுங்கள்.