கிலுகிலுப்பைச் செடியும் கல்லீரலும்

முற்றிக் காய்ந்த நெற்றைக் காதருகே ஆட்டினால் விதைகள் கிலுகிலுவென ஒலிக்கும். கிலுகிலுப்பை என்னும் பெயர் அதனால் வந்தது. தாவரவியலார் இட்ட குரோட்டலேரியா என்னும் பெயரும் ஒலியெழுப்பும் கருவியைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததே. பட்டாணிக் குடும்பத்தைச் சேர்ந்த இப்பேரினத்தில் ஏறத்தாழ 700 இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை ஆப்பிரிக்காவுக்கு உரியவை. நம் நாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலைப் புல்வெளிகளிலும், கடற்கரை மணலிலும், தரிசிலும், சாலையோரங்களிலும் இவை வளர்கின்றன. பூக்கள் பெரும்பாலும் மஞ்சள். சில இனங்களில் நீலம். உழவர் பசுந்தாள் உரமாக விதைக்கும் சணப்பும் இப்பேரினத்ததே.

வாடிய கிலுகிலுப்பையில் நீல வரியன் பட்டாம்பூச்சிகள் மொய்ப்பதைக் கண்டிருப்பீர்கள். அவை தேடுவது தேனையன்று. செடியிலுள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டுகளை. ஆண் பூச்சிகள் இணையை ஈர்க்கும் மணப்பொருளை அவற்றைக் கொண்டே ஆக்குகின்றன.

மனிதருக்கோ அதே பொருள் நஞ்சு. அளவு இனத்துக்கு இனம் வேறுபடும். உட்கொண்ட ஆல்கலாய்டைக் கல்லீரலே கொடிய பொருளாக மாற்றிவிடுகிறது (விந்தைதான், நஞ்சை முறிக்க வேண்டிய உறுப்பு அது). கல்லீரலின் நுண்ணிய குருதி நாளங்கள் சிதைந்து அடைபடுகின்றன. சில நாள்களோ வாரங்களோ கழித்து வலது விலாவின் கீழ் வலி எடுக்கும், கல்லீரல் வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும். காமாலை வெளிப்படையாகத் தெரியாமலும் இருக்கலாம்.

1970களில் மத்திய இந்தியாவின் சர்குஜா மாவட்டத்தில் சாமையோடு கிலுகிலுப்பை விதை கலந்து, உண்டவர் பலர் இவ்வாறு நோயுற்று மாண்டனர். ஜமைக்காவில் இச்செடியின் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்த குழந்தைகளிடம் இந்நோயை 1950களில் மருத்துவர்கள் விவரித்தனர். கொதிக்கவைப்பதால் இந்நஞ்சு நீங்கிவிடும் என்று நம்பலாகாது.

செடி வாசலில் நிற்பதால் தீங்கில்லை, உட்கொள்வதே ஆபத்து. சிறுதானியத்தைப் புடைத்துச் சலித்து, அயல்விதைகளை நீக்கிய பின்னரே உலையிலிடுக. வீட்டில் நோயாளிக்குக் கஷாயம் எதுவும் கொடுத்திருந்தால், கடிந்துகொள்வார்களோ என்று தயங்கி மருத்துவரிடம் மறைக்காதீர்கள். எப்போது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதைச் சொல்லுங்கள். செடியின் பெயர் தெரியாவிடில், பூவும் காயுமாக ஒரு கிளையைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வாருங்கள்.